எல்லோரும் சிரிக்கிற புத்தகத்துக்கு எனக்கு மட்டும் ஏன் சிரிப்பு வரவில்லை?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. பரந்தனில் இருக்கிறீர்கள். உயர்தரம் எழுதிவிட்டுச் சும்மா இருந்த நேரத்தில், கனடா மச்சான் அனுப்பிய ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி’யை வாசித்தீர்கள். டக்ளஸ் அடம்ஸ் எழுதிய பகிடியான விஞ்ஞானப் புனைகதை. (டக்ளஸ் என்றதும் எங்கள் பக்கத்தில் வேறொருவர் ஞாபகத்துக்கு வருவார். இவர் ஆங்கிலேயர்.) வயிறு நோகச் சிரிப்பாய் என்று மச்சான் சொன்னாராம். முழுப் புத்தகத்திலும் இரண்டு தரம்தான் சிரிப்பு வந்தது. பிழை என்னிலா, என் ஆங்கிலத்திலா, புத்தகத்திலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அதே இடத்தில் நின்றவன்தான். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, மருதானைப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கி, கிளிநொச்சிக்குத் திரும்பி வந்த பஸ்ஸிலேயே வாசிக்கத் தொடங்கினேன். அப்போதே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தவன், ஆகவே ஆங்கிலத்தில் பழி போட வழியில்லை. முறிகண்டியில் பஸ் நின்று எல்லோரும் தேங்காய் உடைக்க இறங்கிய நேரம் அரைவாசி முடிந்திருந்தது. கச்சான் வாங்கிக் கொறித்தபடி, ‘இதற்கா இவ்வளவு ஆரவாரம்?’ என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

புத்தகத்தின் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் லேசு. அது நாவலாகப் பிறக்கவில்லை. 1978 மார்ச் 8ஆம் திகதி இரவு பிபிசி ரேடியோ 4இல் நாடகமாகத் தொடங்கியது. ஆறு பாகம். அடுத்த வருடம் ஒக்டோபரில், பெரும்பாலும் முதல் நான்கு பாகத்தை வைத்து நாவல் வந்தது. திடீரென்று முடிந்துவிட்டதே என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு அடம்ஸ் தானே சொல்லிச் சிரித்த ஒரு காரணம் உண்டு: கொடுத்த தவணை எல்லாம் தப்பி, கடைசியில் பதிப்பகத்தார் தொலைபேசி எடுத்து, ‘எழுதிக்கொண்டிருக்கிற பக்கத்தை முடித்துத் தாரும், ஆள் அனுப்புகிறோம்’ என்றார்களாம்.

புத்தகத்தின் பெயரிலேயே கதைக்குள் ஒரு பயணக் கையேடு வரும். ரேடியோவில் அந்தக் கையேட்டின் குரலாக வந்தவர் பீட்டர் ஜோன்ஸ் என்ற நடிகர். அண்டசராசரமே இடிந்து விழுந்தாலும் தேத்தண்ணி ஆறிப்போனதைப் பற்றிக் கதைக்கிற மாதிரியான குரல். பாதிப் பகிடி அந்தக் குரலில் இருக்கிறது. இலங்கை வானொலியில் மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால் ஆட்கள் செய்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ பற்றி உங்கள் அப்பப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. பெயரைச் சொன்னவுடனே அவருக்கு முகம் மலரும். அந்த நாடகத்தின் வசனத்தைத் தாளில் அடித்து உங்கள் கையில் தந்தால் இரண்டு பக்கத்தில் மூடி வைத்துவிடுவீர்கள்.

குரல் என்றால் என்ன என்று வன்னியில் இருந்தவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990களில் பற்றறிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு சாய்த்துவிட்டு, அதிலிருந்து இரண்டு வயரை ரேடியோவுக்குக் கொடுப்போம். ஒருவர் இருந்து பெடலைக் கையால் சுற்ற வேண்டும். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போதுதான் சுற்றுகிறவனுக்குக் கை உளையும், சத்தம் கம்மும், சுற்றி இருக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் அவனைப் பேசுவார்கள். முதல் வசனத்தின் குரலை வைத்தே நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அம்மா சொல்லிவிடுவார். அப்படிக் கேட்டு வளர்ந்த காதுக்கு, குரல் கழன்றுபோன ஒரு ரேடியோ நாடகத்தைத் தாளில் தந்தால் சப்பென்றுதான் இருக்கும்.

சரி, 42. உயிர், பிரபஞ்சம், எல்லாவற்றுக்குமான இறுதிக் கேள்விக்கு ஒரு பிரமாண்டமான கணினி எழுபத்தைந்து இலட்சம் வருடம் யோசித்து 42 என்று விடை சொல்கிறது. புத்தகத்தின் மிகப் பெரிய பகிடி இது. ஆனால் உங்களுக்கு அது வாசிக்க முன்பே தெரியும். ரீ-சேட்டில் கண்டிருப்பீர்கள், கூகுளில் அந்தக் கேள்வியை அடித்தால் கல்குலேட்டரே 42 என்று காட்டும். எங்கள் முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்துப் பார்க்கப் போகிறவர் எல்லோருக்கும் கோவலன் சாகப்போவது தெரியும், அதனால் கூத்துக்கு ஒரு குறையும் இல்லை. பகிடி அப்படி இல்லை. இசை நாடகத்தில் பபூன் போன முறை சொன்னதையே திரும்பச் சொன்னால், பின்வரிசையில் இருந்து கூக்காட்டுவார்கள். புத்தகம் இவ்வளவு பிரபலமானதே அதற்கு ஒரு கேடாகப் போய்விட்டது. 42க்குள் ஏதோ இரகசியம் இருக்கிறது என்று தேடிக் களைத்தவர்களும் உண்டு. ஒரு சின்ன, சாதாரண எண்ணாக இருக்கட்டும் என்றுதான் போட்டேன், வேறு ஒன்றும் இல்லை என்று அடம்ஸே சொல்லிவிட்டார்.

ஆங்கிலத்தைப் பற்றியும் கேட்டீர்கள். ஒன்றே ஒன்று காட்டுகிறேன். பூமியை அழிக்க வருகிற கப்பல்கள் வானத்தில் எப்படி நின்றன என்று ஒரு வசனம் வரும். செங்கல் எப்படித் தொங்காதோ, அப்படித் தொங்கினவாம். ஆங்கிலத்தில் அந்த ‘தொங்காது’ வசனத்தின் கடைசிச் சொல். வாசிக்கிறவர் ஒரு நல்ல உவமை வரப்போகிறது என்று நம்பி நடந்து வர, கடைசிப் படியில் காலை வாரிவிடுகிறார். தமிழில் ‘தொங்காதோ’ முன்னுக்கு வந்துவிடும், ‘அப்படி’ பின்னுக்கு வரும். விழுத்த வேண்டிய இடத்தில் கைலாகு கொடுத்துத் தூக்கிவிடுகிறது எங்கள் இலக்கணம். மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே வாசிக்கிறவர்களுக்கு இப்படி நூறு இடத்தில் நடக்கும். அதை ஆங்கிலம் போதாது என்று சொல்ல மாட்டேன், வேறு மொழியில் யோசிக்கிறவருக்கு அது இயல்பு.

இவையெல்லாம் யாழ்ப்பாணத்தில், மதுரையில், கோலாலம்பூரில் இருந்து வாசிக்கிறவருக்கும் பொருந்தும். பரந்தனில் இருந்து வாசிக்கிறவருக்கென்று வேறொன்று இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் முதல் இருபது பக்கத்துக்குள்ளேயே அது உங்களுக்கு நடந்திருக்கும்.

கதை எப்படித் தொடங்குகிறது? ஆதர் டென்ட் என்பவன் காலையில் எழும்பிப் பார்த்தால், வீட்டை இடிக்க புல்டோசர் வந்து நிற்கிறது. புறவழிச் சாலை போடப் போகிறார்களாம். எனக்குச் சொல்லவில்லையே என்றால், திட்டத்தை ஒன்பது மாதமாகப் பார்வைக்கு வைத்திருந்தோமே என்கிறார்கள். எங்கே? நிலவறையில். வெளிச்சமும் இல்லை, படியும் இல்லை. பாவிக்காத ஒரு கழிப்பறைக்குள், பூட்டிய அலுமாரியின் அடித்தட்டில். கதவில் ‘சிறுத்தை கவனம்’ என்று பலகை. கொஞ்ச நேரத்தில் வோகன்கள் என்கிற வேற்றுக்கிரகத்து உத்தியோகத்தர்கள் வந்து, விண்வெளிப் புறவழிச் சாலைக்காகப் பூமியையே இடிக்கிறார்கள். அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்: திட்டம் அல்பா சென்டோரியில் உள்ள அலுவலகத்தில் ஐம்பது வருடமாகக் கிடந்தது, இப்போது வந்து ஆச்சரியப்படுவதில் பிரயோசனம் இல்லை.

மிகைப்படுத்துவதுதான் இங்கே பகிடி. மிகை என்று தெரிய வேண்டுமானால், சாதாரணம் எது என்று மனதில் ஒரு அளவு இருக்க வேண்டும். அலுவலகம் ஓரளவு ஒழுங்காக நடக்கும், கடிதம் வீட்டுக்கு வரும், போய்க் கேட்டால் பதில் கிடைக்கும் என்று நம்பி வாழ்கிறவருக்குத்தான் சிறுத்தைப் பலகை சிரிப்பு மூட்டும். எங்கள் வளவின் எல்லை சம்பந்தமான ஒரு அறிவித்தலை நான் கண்டது, ஒரு அலுவலகத்தின் பின்பக்கத்தில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்துச் சுவரில். அதுவும் கை கழுவப் போனபடியால் கண்டது. ஆட்சேபனை தெரிவிக்க வேண்டிய திகதி முடிந்து பதினொரு நாள்.

இது என் சொந்தக் கதை, விட்டுவிடுங்கள். 2025 மார்ச் 28ஆம் திகதி வந்த அரசின் வர்த்தமானி அறிவித்தலைப் பாருங்கள். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், கோராவிட்டால் அரச காணி. உரிமைக்காரர் பலர் செத்துப்போனார்கள், பலர் ரொறொன்ரோவிலும் பரிசிலும் இருக்கிறார்கள், பலருடைய காணி உறுதிப் பத்திரம் இடம்பெயர்ந்த வழியில் எங்கோ கிடக்கிறது. எதிர்ப்பு எழுந்து, உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் அது நின்றது. இந்தச் செய்தியை வாசித்த கையோடு வோகனின் அறிவிப்பை வாசித்தால் எழுத்தாளர் எதையும் மிகைப்படுத்தியதாகவே தெரியாது. அல்பா சென்டோரியாவது தூரம் என்று எல்லோருக்கும் தெரிந்த இடம்.

இன்னொரு இடத்தில், நேரம் ஒரு மாயை, மத்தியானச் சாப்பாட்டு நேரம் அதைவிட இரட்டிப்பு மாயை என்று ஒரு பாத்திரம் சொல்லும். 1996இல் தெற்கில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினார்கள், வன்னியில் பழைய நேரமே ஓடியது. 2006இல் நாடு முழுக்கப் பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டரை என்றால் இந்தப் பக்கம் பன்னிரண்டு. நான் அந்த வசனத்தை வாசித்த அன்று எனக்கு மத்தியானம் இரண்டு தரம் வந்திருந்தது.

இதை வைத்து, வன்னிக்காரருக்குப் பகிடி தெரியாது, பாவம், பட்ட பாடு அப்படி என்று யாராவது பரிதாபப்பட்டால் எனக்குக் கோபம் வரும். 2009இல் மெனிக் பாம் முகாமில் எங்களை அடைத்த வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசாமி என்று பெரிய மனிதர்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். தண்ணீர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு கிழவர், வெறும் வாளியைக் காட்டிச் சொன்னார்: “அருணாசலத்திட்ட ஒரு சொட்டும் இல்லையாம் தம்பி, தமையன் இராமநாதனிட்டக் கேட்டுப் பாப்பம் எண்டா பாஸ் வேணுமாம்.” உண்மையிலேயே அவர்கள் அண்ணன் தம்பி, இராமநாதன்தான் மூத்தவர். வரிசை முழுக்கச் சிரித்தது. அடம்ஸின் அதே வகைப் பகிடிதான், ஒரு இம்மியும் குறைவில்லை.

அப்படியென்றால் எங்கே உதைக்கிறது? எனக்கு அது விளங்கியது இரண்டாம் முறை வாசித்தபோது, போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு. பூமி அழிந்தவுடன் ஆதர் ஒரு கப்பலுக்குள் இருந்து அதை நினைத்துப் பார்க்க முயல்கிறான். இங்கிலாந்து இல்லை என்று சொல்லிப் பார்க்கிறான், மனதில் ஏறவில்லை. நியூயோர்க் இல்லை, அதுவும் ஏறவில்லை. மக்டொனால்ட்ஸ் ஹம்பர்கர் என்று ஒன்று இனி இல்லை என்று நினைத்ததும் மயங்கி விழுந்துவிடுகிறான்.

என் சின்னம்மா மீள்குடியேற விட்ட முதல் நாள் வளவுக்குப் போனவர். கூரை இல்லை, யன்னல் நிலை இல்லை, கிணற்றுக்குள் என்ன கிடக்கிறதென்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அழவில்லை, சேலையைச் சொருகிக்கொண்டு பற்றையை விலக்கினார். குசினி இருந்த இடத்தில் அம்மி கிடந்தது. குழவியைக் காணவில்லை. அங்கேதான் நிலத்தில் குந்தி இருந்து அழுதார். “குழவியை எடுத்துக்கொண்டு போய் என்னத்துக்கு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அடம்ஸுக்கு இது தெரிந்திருக்கிறது, தம்பி. வீடு வாசல் முழுவதும் போனவன் எதற்கு விழுவான் என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் சில வரிதான். எழும்பினதும் அடுத்த பகிடி, இரண்டு தலையுள்ள தலைவர், மனச்சோர்வு பிடித்த ரோபோ என்று கதை பறக்கிறது. நீங்களோ அந்தப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். மிச்சப் பக்கம் எல்லாம் அதன் பின்னால் ஓடுகிற ஓட்டம்தான், ஓடுகிறவனுக்குச் சிரிப்பு வராது. துவாய் விஷயத்திலும் இதேதான். வழியில் வாகனம் மறித்து ஏறிப் போகிறவனுக்கு உலகத்திலேயே பிரயோசனமான சாமான் துவாய் என்று ஒரு பட்டியல் வரும்: போர்க்கலாம், விரிக்கலாம், படகுக்குப் பாய் கட்டலாம் என்று. அதற்கு நான் நன்றாகச் சிரித்தேன், உங்களுடைய இரண்டில் ஒன்றும் அதுவாக இருக்கலாம். பிறகு என்னுடைய பட்டியல் தானாக வந்தது. தறப்பாள்: கூரை, சுவர், குளிக்கிற மறைப்பு, காயக்காரரைத் தூக்குகிற படுக்கை, இப்போது நெல் காயப்போட. சேலை: ஏணை, மூட்டை, கடைசியில் வெட்டித் தைத்து மண் நிரப்பிப் பங்கருக்கு. கூறைச் சேலைகளும் அதில் போயின. அடம்ஸின் இரசிகர்கள் மே 25ஐத் துவாய் தினம் என்று தோளில் துவாயோடு கொண்டாடுகிறார்கள். எங்களுக்கு அது மே 18க்கு அடுத்த கிழமை.

இதற்காக அவரில் குற்றம் பிடிக்க மாட்டேன். குற்றம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது. ட்ரில்லியன் என்ற பெண் வான்பௌதிகம் படித்தவள், கப்பலில் இருக்கிற ஒரே பெண். அவளுக்கு எழுத்தாளர் கொடுத்த வேலை, மற்றவர்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது. கதை என்று ஒன்று நடக்கவும் இல்லை, ஒரு தற்செயலில் இருந்து அடுத்த தற்செயலுக்குத் தாவுகிறது. கப்பலே தற்செயலில்தான் ஓடுகிறது என்று அதையும் ஒரு பகிடியாக்கித் தப்பிவிடுகிறார், கெட்டிக்காரர்.

இலேசான விஞ்ஞானப் புனைகதையே எனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, கிடைத்தால் வாசியுங்கள். அங்கேயும் ஒரு அலுவலகம், பிள்ளை பெற அனுமதிப் பத்திரம், பதியப் போன புருஷன் திரும்பி வரவில்லை. ஜீனோ என்ற இயந்திர நாய் பகிடி விட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் காணாமல் போனவனைத் தேடுகிற பெண்ணைக் கதை மறந்துவிடாது. ஆதர் சி. கிளார்க் பக்கம் போனால், அடம்ஸின் நாவல் வந்த அதே 1979இல் வந்தது ‘த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பரடைஸ்’. கொழும்பில் இருந்து எழுதியவர், எங்கள் தீவிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிறார். அதற்கு வசதியாகத் தீவையே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்திக்கொண்டார், வர்த்தமானி இல்லாமல். பகிடி குறைவு, படம் பெரிது.

அடம்ஸைத்தான் இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றால், முதலில் அந்த ரேடியோ நாடகத்தைக் கேளுங்கள், இரவில், கையில் வேலை ஏதும் இல்லாமல். பிறகு ‘லாஸ்ட் சான்ஸ் டு ஸீ’. 1990இல் மார்க் காவடைன் என்ற விலங்கியலாளரோடு சேர்ந்து, அழிந்துகொண்டிருக்கிற விலங்குகளைத் தேடிப் போய் எழுதிய உண்மைப் புத்தகம். சீனாவில் யாங்சி ஆற்று டொல்பினைத் தேடுகிறார்கள். தண்ணீருக்கடியில் சத்தத்தைப் பதிவுசெய்ய மைக்கை ஆணுறைக்குள் போட்டு இறக்க வேண்டும், மொழி தெரியாமல் சைகையால் அதைக் கேட்டு ஷாங்காய்க் கடைகளில் அலைகிறார்கள். அந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்தேன். மைக் ஆற்றுக்குள் இறங்குகிறது. கேட்பது கப்பல் எஞ்சின்களின் இரைச்சல் மட்டும். அந்த டொல்பினுக்குக் கண் அநேகமாகத் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் வழி பார்க்கும். இந்த முறை அடம்ஸ் அடுத்த பகிடிக்கு ஓடவில்லை, இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். 2001இல் அவர் இறந்தார், வயது 49. 2006இல் ஆறு கிழமை ஆற்றைச் சல்லடை போட்டுத் தேடியும் ஒரு டொல்பினும் அகப்படவில்லை.

உங்கள் கேள்வி வந்த அன்று அம்மாவுக்கு நாவலின் முதல் அத்தியாயங்களைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். முற்றத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். புல்டோசர் வந்தது, நிலவறை, சிறுத்தைப் பலகை எல்லாம் சொன்னேன். சிரிக்கவில்லை, உம் கொட்டினார். பூமியை இடித்ததையும் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்தப் பெடியன்ர வளவு உறுதிக் காணியோ, பெர்மிட் காணியோ?” என்று கேட்டார்.

உறுதிக் காணி என்றுதான் நினைக்கிறேன் என்றேன்.

“உறுதி இருந்தா வழக்குப் போட்டிருக்கலாமே.”

“வழக்குப் போடக் கோர்ட் இருக்கிற பூமியே இல்லையே அம்மா.”

முருங்கையிலைச் சுளகு மடியிலிருந்து சரிய, அதற்குத்தான் அம்மா சிரித்தார்.